விரைப் புற்றுநோய் மூளைக்குப் பரவினால்: எப்போது வந்தது என்பதுதான் முதல் கேள்வி

கேள்வி இதுதான்: தம்பிக்கு 26 வயது. விரையில் கட்டி, நுரையீரலில் திட்டுகள், இப்போது எம்ஆர்ஐயில் மூளையில் 2 புள்ளிகள். மருத்துவமனையில் உடனே கீமோ தொடங்க வேண்டும் என்கிறார்கள். மூளைக் கட்டியை ஏன் முதலில் எடுக்கவில்லை? இது நான்காம் ஸ்டேஜா? பிழைப்பானா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றவை காதில் ஏற வேண்டுமானால் அதற்குத்தான் முதலில் பதில் வேண்டும். நிலைமை கடுமையானது. ஆனால் கைவிட வேண்டிய நிலைமை அல்ல. வேறு பல புற்றுநோய்கள் மூளைக்குப் போய்விட்டால் பேச்சு "எத்தனை மாதம்" என்று மாறிவிடும். விரைப் புற்றுநோயில் அப்படி இல்லை. மூளையில் கட்டி இருக்கும்போதும் முழுக்கக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் மருந்து எழுதுகிறார்கள். குணமாகி வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

நான்காம் ஸ்டேஜ் என்று இந்த நோயில் ஒன்று கிடையாது. மூன்றோடு முடிகிறது. மூளைக்குப் போனது 3சி. கீமோ வந்தபின், உடம்பு முழுக்கப் பரவிய நிலையிலும் பலர் குணமாகும் நோய் இது. இங்கே ஸ்டேஜைவிட அதிகம் பேசப்படுவது 'ரிஸ்க்' பிரிவுதான்: நல்லது, நடுத்தரம், மோசம் என மூன்று. 1997இல் பன்னாட்டு மருத்துவர்கள் சேர்ந்து வகுத்தது. நுரையீரலைத் தாண்டி மூளை, கல்லீரல், எலும்பு என்று போயிருந்தால், விரைப் புற்றுநோயின் இரு பெரும் வகைகளில் ஒன்றான செமினோமாவானால் நடுத்தரப் பிரிவு, மற்ற வகையானால் மோசமான பிரிவு. செமினோமாவுக்கு மோசமான பிரிவே கிடையாது என்பதைக் கவனியுங்கள். அந்த மோசமான பிரிவில் 5 ஆண்டு உயிரோடிருப்பவர்கள் 1997 கணக்கில் 48 சதவீதம். 2021இல் புதிய நோயாளிகளின் தரவை வைத்து மறுபடி பார்த்தபோது அது 67 சதவீதமாகியிருந்தது. இதில் மூளைக்குப் பரவியவர்கள் ஒரு பகுதிதான், அவர்களுக்கு மட்டும் தனியாகப் பார்த்தால் எண் குறையும். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அது எப்படி அங்கே போகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் சிகிச்சையின் வரிசை அதிலிருந்துதான் வருகிறது.

விரை கருவில் உருவாவது வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் பைக்கு இறங்குகிறது. இறங்கும்போது தன் ரத்தக் குழாய்களையும் நிணநீர்க் குழாய்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் புற்றுநோய் கிளம்பும்போது தொடை இடுக்கு நெறிகளுக்குப் போகாமல், நேராக வயிற்றின் பின்பக்கம் பெருந்தமனியை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளுக்குப் போகிறது. வாலிபப் பையன் "முதுகு வலிக்கிறது" என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். அங்கிருந்து மார்பு வழியாக மேலேறி ரத்தத்தில் கலக்கும். ரத்தம் இதயம் வழியாக முதலில் போகும் இடம் நுரையீரல். அங்கே தங்கி வளர்ந்த கட்டியிலிருந்து உதிர்கிற செல்கள்தான் பெரும்பாலும் தமனி வழியே மூளைக்குப் போகின்றன. ஆகவே மூளையில் புள்ளி இருக்கிற பெரும்பாலானோருக்கு நுரையீரலிலும் இருக்கும். உங்கள் தம்பிக்கும் அப்படியே.

ஒரு வகை மட்டும் இந்த வரிசைக்கு அடங்காது. கோரியோகார்சினோமா. நஞ்சுக்கொடியின் செல்களைப் போன்றது இது. கர்ப்பத்தில் தாயின் ரத்தக் குழாய்களுக்குள் துளைத்துப் போவது அந்தச் செல்களின் இயல்பான வேலை. புற்றுநோயாகும்போதும் அதே வேலையைச் செய்கிறது: நிணநீர் முடிச்சுகளுக்காகக் காத்திராமல் ரத்தத்தில் இறங்கி நுரையீரல், கல்லீரல், மூளை என்று சீக்கிரமே போய்விடும். போன இடத்தில் ரத்தம் கசியவும் செய்யும். இளைஞன் ஒருவன் திடீர்த் தலைவலியோடு விழுந்து, ஸ்கேனில் மூளை ரத்தக் கசிவு என்று வந்து, அதற்கப்புறம் விரையில் சிறு கட்டி கண்டுபிடிக்கப்படுவது உண்டு. ரத்த அழுத்தம் இல்லாத வாலிபனுக்கு மூளையில் ரத்தம் கசிந்தால் பீட்டா எச்சிஜி ஒன்று பார்த்துவிடுவது நல்லது என்பேன். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கிற அதே ஹார்மோன். ஆணுக்கு அது ஆயிரக்கணக்கில் இருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எல்லா விரைப் புற்றுநோயாளிக்கும் மூளை ஸ்கேன் எடுப்பதில்லை, எடுக்க வேண்டியதும் இல்லை. மொத்தத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் மூளை வரை போகிறது. தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் மரத்தல் இருந்தால் எடுப்பார்கள். எச்சிஜி மிக உயரமாக இருந்தால், நுரையீரல் முழுக்கத் திட்டுகள் இருந்தால், கல்லீரலுக்குப் போயிருந்தால், அறிகுறியே இல்லாவிட்டாலும் எடுப்பார்கள். சிடியைவிட மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ நல்லது.

அந்த எம்ஆர்ஐ படத்தைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். மருந்து ஏற்றிய பின் எடுத்த படத்தில் கட்டி வெள்ளையாக, பல சமயம் வெள்ளை வளையமாகத் தெரியும். அதைச் சுற்றி வேறொரு வரிசைப் படங்களில் விரல் விரலாக நீண்ட ஒரு வெளிர்ப் பகுதி தெரியும். அது நீர்கோத்த வீக்கம். கட்டி ஒரு பட்டாணி அளவுகூட இராது, வீக்கம் அதைப்போல் பல மடங்கு இருக்கும். காலைத் தலைவலிக்கும் வாந்திக்கும் பெரும்பாலும் இந்த வீக்கம்தான் காரணம். அதனால்தான் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டவுடன் ஒன்றிரண்டு நாளில் ஆள் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். வீட்டில் எல்லோரும் "கட்டி கரைந்துவிட்டது" என்று நினைத்துவிடுவார்கள். கரைந்தது வீக்கம், கட்டி அப்படியேதான் இருக்கிறது. ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அந்த வெள்ளை நிறத்திலேயே இன்னொரு சேதியும் இருக்கிறது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, கீமோ மருந்து அதைத் தாண்டாது என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். நல்ல மூளைக்கு அது சரி. ஆனால் கட்டி வளர்ந்த இடத்தில் புதிதாக முளைத்த ரத்தக் குழாய்களுக்கு அந்தத் தடுப்பு ஒழுங்காக இருப்பதில்லை, ஒழுகும். எம்ஆர்ஐ மருந்து கசிந்து உள்ளே போனதால்தான் கட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அதே ஓட்டை வழியாக சிஸ்பிளாட்டின், எடோபோசைட் என்ற கீமோ மருந்துகளும் உள்ளே போகும்.

இப்போது உங்கள் இன்னொரு கேள்வி: ஏன் மூளையில் முதலில் கத்தி வைக்கவில்லை?

நோய் இருப்பது மூளையில் மட்டும் அல்ல என்பதே காரணம். நுரையீரலில் இருக்கிறது, வயிற்று முடிச்சுகளில் இருக்கலாம், ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வகைக் கட்டிகள் வேகமாக வளர்பவை. தலையைத் திறந்து ஆபரேஷன் செய்தால் காயம் ஆறக் காத்திருக்க வேண்டும், அதற்குள் நுரையீரல் நிரம்பிவிடும். கீமோ எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போகிறது. இதே காரணத்துக்காக, ஆள் மிகவும் நலிந்திருந்தால் விரையை எடுக்கும் ஆபரேஷனைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுக் கீமோவைத் தொடங்குவது உண்டு. மார்க்கர்கள் (புற்று ரத்தத்தில் விடுகிற எச்சிஜி, ஏஎஃப்பி போன்ற பொருள்கள்) தெளிவாக உயர்ந்திருந்தால் பயாப்சி முடிவுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். விரையைப் பின்னால் எடுக்கலாம். ஆனால் எடுக்காமல் விடக் கூடாது, கீமோ அங்கே முழுதாக வேலை செய்வதில்லை.

மூளை ஆபரேஷன் முதலில் வரும் சந்தர்ப்பங்களும் உண்டு: கட்டிக்குள் ரத்தம் கசிந்து அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து என்றால், அல்லது மூளை நீர் ஓடும் பாதை அடைபட்டால். அதற்குக் காத்திருக்க முடியாது.

மோசமான பிரிவுக்கு வழக்கமான மருந்து 4 சைக்கிள், அதாவது 4 சுற்று: ப்ளியோமைசின், எடோபோசைட், சிஸ்பிளாட்டின். சுருக்கமாக பிஇபி. நுரையீரலில் நோய் நிறைய இருந்தால், அல்லது பின்னால் மார்பில் ஆபரேஷன் வரும் என்று தோன்றினால், நுரையீரலைக் கெடுக்கக்கூடிய ப்ளியோமைசினை எடுத்துவிட்டு ஐஃபாஸ்ஃபமைடு சேர்ப்பார்கள், அது விஐபி. சைக்கிள் ஓட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு நடந்தது அதுதான். 1996 அக்டோபரில், 25 வயதில், விரையிலிருந்து வயிறு, நுரையீரல், மூளை என்று பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் மூளைக் கட்டிகளை எடுத்தார்கள், எடுத்துப் பார்த்தால் செத்த திசு. மீதிச் சைக்கிள்களுக்கு நுரையீரலைக் காப்பதற்காக விஐபிக்கு மாற்றினார்கள். அவருடைய பட்டங்கள் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012இல் பறிக்கப்பட்டன, அது வேறு கதை. நோய் குணமானது மட்டும் பொய்யில்லை. ஆனால் ஒருவருக்குக் குணமானதை வைத்து எல்லோருக்கும் கணக்குப் போடக் கூடாது, அதனால் எண்களுக்கு வருகிறேன்.

2016இல் பல நாட்டு மருத்துவமனைகளின் பதிவுகளைத் திரட்டி ஓர் ஆய்வு வெளிவந்தது. மூளைக்குப் பரவிய 523 நோயாளிகள். இவ்வளவு அரிதான நிலைமைக்கு இது பெரிய எண்ணிக்கை. அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். முதன்முதலில் நோய் கண்டுபிடிக்கும்போதே மூளையில் இருந்தவர்கள் 228 பேர். ஒரு முறை சிகிச்சை எடுத்த பின் மூளையில் வந்தவர்கள் 295 பேர். 3 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் குழுவில் 48 சதவீதம், இரண்டாம் குழுவில் 27 சதவீதம்.

இந்த வித்தியாசத்தைத்தான் நான் முதல் கேள்வி என்றேன். மூளைக்குப் போயிற்றா என்பதைவிட எப்போது போயிற்று என்பது முக்கியம். ஆரம்பத்திலேயே இருந்தால் அந்தச் செல்கள் சிஸ்பிளாட்டினை இன்னும் பார்த்ததே இல்லை. முதல் அடி வலுவாக விழும். சிகிச்சைக்குப் பின் வந்தவை அந்த அடியைத் தாங்கிப் பிழைத்தவை. உங்கள் தம்பி முதல் குழு.

அதே ஆய்வில், முதல் குழுவினருக்குக் கீமோவோடு ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் சேர்த்துக் கொடுத்ததால் மட்டும் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. இரண்டாம் குழுவில் நேர்மாறு: பல சிகிச்சைகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களும், ஸ்டெம் செல்லைத் திரும்ப ஏற்றும் ஹை-டோஸ் கீமோ எடுத்தவர்களும் நன்றாக இருந்தார்கள். பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் "மூளைக்கு உடனே எதையாவது செய்யுங்கள்" என்று டாக்டரை நெருக்குவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். குடும்பங்கள் அவசரப்படுத்தி, தலை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுக்கவைத்து, அதற்காகக் கீமோ இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போவதுதான் எனக்குக் கவலை தருவது. முழு மூளைக் கதிர்வீச்சுக்கு விலையும் உண்டு. குணமாகி வாழப்போகிற 26 வயதுக்காரனுக்கு, சில வருஷம் கழித்து மறதி, மந்தம், நடை தடுமாற்றம் வரலாம். கதிர்வீச்சு தேவைப்பட்டால் புள்ளியை மட்டும் குறிவைத்துக் கொடுக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறை முடியுமா என்று கேளுங்கள். இரண்டே புள்ளி என்றால் அதற்கு இடம் இருக்கிறது.

கீமோ முடிந்தபின் மறுபடி எம்ஆர்ஐ எடுப்பார்கள். புள்ளி மறைந்திருந்தால் சரி. மீதி ஏதாவது இருந்தால் அது மூன்றில் ஒன்று: செத்த திசு, உயிரோடிருக்கும் புற்று, இல்லாவிட்டால் பலவகைத் திசுக்கள் கலந்த டெரடோமா என்ற கட்டி. கடைசியில் சொன்னது கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் அசைவதில்லை, கத்தி ஒன்றுதான் வழி. மார்க்கர் நன்றாக இறங்கிக்கொண்டே போகும்போது கட்டி மட்டும் பெரிதாகிறது என்றால் டெரடோமாவைச் சந்தேகிப்பார்கள். அப்போது கீமோ தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆபரேஷனுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மார்க்கர் பற்றி வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் உங்கள் கையில்தான் முதலில் வரும். ஒரு நாளின் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இறங்கும் வேகத்தைப் பாருங்கள். எச்சிஜியின் அரை ஆயுள் ஒன்று ஒன்றரை நாள். கீமோ நன்றாக வேலை செய்தால் சுமார் 3 நாளுக்கு ஒரு முறையாவது பாதியாக வேண்டும். 64,000 என்று தொடங்கினால், 3 நாளுக்கு ஒரு முறை பாதி என்று வைத்தால் 21 நாளில் 500. இந்த 500 இயல்பைவிடப் பல மடங்கு அதிகம்தான், ஆனாலும் நல்ல செய்தி. 64,000 இருந்தது 21 நாளில் 20,000 என்று வந்தால் அதுதான் கவலைப்பட வேண்டியது, மருந்தைக் கூட்டுவது பற்றி டாக்டர் பேசுவார். முதல் வாரத்தில் செல்கள் உடைவதால் எண் ஒரு துள்ளு துள்ளி ஏறலாம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஏஎஃப்பி மெதுவாக இறங்கும், பாதியாக 5 முதல் 7 நாள் ஆகும். இரண்டையும் ஒரே வேகத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

எச்சிஜி மிக உயரமாக இருந்து நுரையீரல் நிறைய நோய் இருந்தால், முதல் சில நாள் கீமோவிலேயே கட்டிகளுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அதனால் முழு டோஸுக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் மட்டும் குறைத்துக் கொடுத்துப் பார்ப்பது உண்டு. "ஏன் அரைகுறையாகக் கொடுக்கிறார்கள்" என்று சண்டை பிடிக்காதீர்கள்.

வலிப்பு வந்திருந்தால் மருந்து கொடுப்பார்கள். ஃபெனிட்டாயின் மாதிரிப் பழைய மருந்துகள் கல்லீரலைத் தூண்டி எடோபோசைடைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். லெவிட்டிரசெட்டம் போன்றவைக்கு அந்தத் தொல்லை இல்லை. வேறு மருத்துவமனையில் எழுதிய மாத்திரைச் சீட்டு இருந்தால் புற்றுநோய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், ஐஃபாஸ்ஃபமைடு ஏறும் நாட்களில் பையன் குழம்பிப் பேசினால், தூங்கிக்கொண்டே இருந்தால், மூளைக் கட்டி பெரிதாகிவிட்டது என்று முடிவு கட்டாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அந்த மருந்தே மூளையைக் குழப்பும், நிறுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்றும் உண்டு. விரைக் கட்டி இருந்து, மூளையில் கட்டி ஏதும் இல்லாமலே ஞாபகம் தடுமாறுவது, கண் அசைவு கெடுவது, நடை தள்ளாடுவது என்று சிலருக்கு வரும். புற்றுக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள் மூளையைத் தாக்குவதால் வருவது அது. மா2 எதிர்ப்பொருள் 1999இல் கண்டறியப்பட்டது, கேஎல்எச்எல்11 எதிர்ப்பொருள் 2019இல். அது பரவல் அல்ல, சிகிச்சையும் வேறு. உங்கள் தம்பிக்கு இது பொருந்தாது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படலாம்.

சிகிச்சை முடிந்த பின் முதல் இரண்டு ஆண்டு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். மார்க்கர் ஏறுகிறது, மார்பு சிடி சுத்தம், வயிறு சுத்தம் என்றால், விட்டுப்போன இடம் மூளையாக இருக்கலாம். அப்போது எம்ஆர்ஐயை நீங்களே கேளுங்கள். திரும்பி வந்தாலும் வழி அடைபட்டுவிடாது. ஹை-டோஸ் கீமோவுக்கு இண்டியானாவில் 184 பேரைத் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். முந்தைய கீமோ தோற்றுப் போன அவர்களில் 116 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். எல்லோருக்கும் மூளையில் நோய் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். பொதுப் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் தன் வாழ்நாளில் இப்படி ஒரு சிலரைத்தான் பார்த்திருப்பார். அது அவர் குறை அல்ல. விரைப் புற்றுநோயை நிறையப் பார்க்கும் பெரிய மையத்தோடு அவரைப் பேசச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டுகளை அனுப்பிக் கருத்துக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பையனை அங்கே தூக்கிக்கொண்டு போவதற்காக முதல் சைக்கிளைத் தள்ளிப்போட வேண்டாம், இங்கேயே தொடங்கிக்கொண்டு கேட்கலாம். வெள்ளணு கொஞ்சம் குறைந்தது என்பதற்காக மட்டும் அடுத்தடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போவதும் கூடாது. 21 நாளுக்கு ஒரு முறை என்பதை முடிந்தவரை விடாமல் பிடிக்க வேண்டும்.

அவசரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று: விந்து சேமிப்பு. முதல் டோஸ் ஏறிவிட்டால் பிறகு சேமிப்பதில் பயன் குறைவு. ஆள் எழுந்து நடக்கும் நிலையில் இருந்தால், கீமோ நாளைக்கு என்றால், இன்றைக்கே செய்துவிடலாம். தம்பி கூச்சப்பட்டு வாய் திறக்க மாட்டான். நீங்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.